கோலம் போட மடங்காத விரல்

சோரியாசிஸ் என்கிற, தோல் செதில் செதிலாக உதிரும் நோயைப் பற்றி விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"எனக்கு 41 வயது. 9 வருடமாக சோரியாசிஸ். தலையில் பொடுகு மாதிரி ஆரம்பித்தது, இப்போது முழங்கை, முழங்கால், இடுப்பு என்று பரவிவிட்டது. பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் ஊசி போடுவார், பத்தே நாளில் பளிச்சென்று ஆகிவிடும். விட்டால் முன்பைவிட மோசமாக வருகிறது. 3 வருடமாக மாதம் ஓர் ஊசி. நடுவில் மெடிக்கலில் வாங்கும் ட்யூப். கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாம் நிறுத்திவிட்டேன். மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். தோளில் செதில் விழுந்தால் தெரியும் என்று கறுப்புப் புடவை கட்டுவதே இல்லை. 14 வயது மகளுக்கும் வருமோ என்று பயம். 2 வருடமாக பி.பி. மாத்திரை வேறு. வயதாகிறது இல்லையா, காலையில் கோலம் போட உட்கார்ந்தால் விரல் மடங்குவதில்லை, மாவைக் கிள்ளி எடுக்க முடியவில்லை, இப்போது மகள்தான் போடுகிறாள். இது நிரந்தரமாகக் குணமாக ஒரே ஒரு மருந்து சொல்லுங்கள் டாக்டர்."

டீச்சர், அந்தக் கோல வரியை நான் மூன்று தடவை படித்தேன். போகிற போக்கில் எழுதி, பழியை வயதின் மேல் போட்டுவிட்டீர்கள். 41 எல்லாம் ஒரு வயதா? நான்கு பக்கத்தில் தோலைப் பற்றி எழுதியவை எல்லாம் முக்கியம்தான், ஆனால் நான் இன்றைக்கே கவலைப்படுவது உங்கள் விரலைப் பற்றி.

சோரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு அது மூட்டிலும் இறங்கும். பெரும்பாலும் தோலில் வந்து பல வருடம் கழித்துத்தான் வரும், அதனால் இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது. தோலுக்கு ஒரு டாக்டர், வலிக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை என்று காலம் ஓடிவிடும். தலையில் சோரியாசிஸ் உள்ளவர்களுக்கும் நகம் மாறியிருப்பவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கையை வெளிச்சத்தில் நீட்டி நகங்களைப் பாருங்கள். குண்டூசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கிறதா? நுனியில் நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறதா? எண்ணெய் சிந்தியது மாதிரி மஞ்சள் பழுப்புத் திட்டு? ஏதாவது ஒரு விரல் முழுசாக, அடியிலிருந்து நுனி வரை, கொழுக்கட்டை போல வீங்கியதுண்டா? காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறதா?

தேய்மான வலிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தேய்மானம் வேலை செய்யச் செய்ய வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். இது தலைகீழ். தூங்கி எழுந்ததும் விறைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்து, வேலை செய்யச் செய்ய இளகும். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்க முடிகிறது, ஆறு மணிக்கு மாவு பிடிக்க முடியவில்லை என்றால் அது வயது இல்லை. இன்னொன்று, ரத்தத்தில் ரூமட்டாய்டு ஃபேக்டர் என்ற மூட்டுவாதப் பரிசோதனை பார்த்து 'நெகட்டிவ்' என்று வந்தால் "உங்களுக்கு வாதம் எதுவும் இல்லை" என்று யாராவது சொல்லக்கூடும். சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வீக்கம் எலும்பை அரிக்க ஆரம்பித்தால் திருப்பி வாங்க முடியாது, ஆறு மாதத் தாமதம்கூட வித்தியாசம் செய்யும். அதோடு, மாதாமாதம் போட்டுக்கொள்ளும் ஊசி மூட்டையும் சேர்த்து அமுக்கி வைத்திருக்கலாம். அப்படியானால் உங்களுக்குத் தெரிகிற வலி உண்மையான வலியில் பாதிதான்.

சரி, ஊசிக்கு வருவோம்.

அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் பத்து நாளில் பளிச்சென்று ஆக்கி, விட்டால் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவது அனேகமாக ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு என்ற சொல்லே கெட்ட சொல் என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் என் தொழிலே நடக்காது. ஆனால் சோரியாசிஸுக்கு அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ வழக்கமாகக் கொடுப்பதில்லை, காரணம் நீங்களே அனுபவித்து எழுதியிருப்பதுதான். திடீரென்று நிறுத்தும்போது சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து உரியும், சிலருக்கு சீழ்க் கொப்புளங்களாகக் கிளம்பும், அது ஆஸ்பத்திரியில் படுக்கிற நிலை. தவிர மூன்று வருட ஊசி சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், கண்ணில் புரை உண்டாக்கும், பி.பி.யையும் ஏற்றும். உங்கள் பி.பி. எப்போது ஆரம்பித்தது என்று நீங்களே தேதி போட்டிருக்கிறீர்கள், ஊசிக்கு ஒரு வருடம் கழித்து. இப்போது அந்த பி.பி. மாத்திரையின் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அட்டினோலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனோலால் என்று 'ஓலால்' வகையறாவாக இருந்தால், அது சிலருக்கு சோரியாசிஸைக் கிளப்பிவிடும். ஊசி பி.பி.யைக் கொண்டுவந்து, பி.பி. மாத்திரை சோரியாசிஸை ஏற்றி, சோரியாசிஸ் மறுபடி ஊசிக்கு அனுப்பியிருக்கலாம். இது என் சந்தேகம் மட்டும்தான். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அந்த வகையைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. மாற்று மாத்திரைகள் நிறைய உண்டு, எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டால் போதும்.

ஊசியையும் வீட்டில் உட்கார்ந்து சபதம் எடுத்து நிறுத்த வேண்டாம். அடுத்த ஊசி நாள் வருவதற்கு முன்னால் ஒரு தோல் மருத்துவரிடம் போய், "இத்தனை வருடமாக இப்படிப் போட்டுக்கொண்டேன்" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். நடுவில் உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சீழ்ப் பருக்கள் கூட்டமாகக் கிளம்பினாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. விருதுநகரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. டோக்கனுக்கு வரிசையில் நிற்க வேண்டும், கூட்டம் இருக்கும், மறுக்கவில்லை.

"ஒரே ஒரு மருந்து" என்று கேட்டீர்கள். அப்படி ஒன்று என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'சோரியாசிஸ் நிரந்தரத் தீர்வு, இன்ன தேதி இன்ன லாட்ஜ்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அவர்களிடமும் இல்லை. உங்கள் தோல் மேலடுக்கு சாதாரணமாக ஒரு மாதத்தில் பிறந்து, மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிரும். சோரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறான உத்தரவு கொடுத்து அந்த வேலையை நான்கைந்து நாளில் முடிக்கச் சொல்கிறது. வேகாத இட்லியை இறக்கினால் துணியில் ஒட்டுமே, அதுபோல முற்றாத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெள்ளி வெள்ளியாகச் செதிலாக நிற்கின்றன. உத்தரவு போடும் இடம் உள்ளே இருக்கிறது, பரம்பரை அம்சமும் இருக்கிறது, அதனால் அடியோடு பிடுங்கி எறிய முடிவதில்லை. ஆனால் உத்தரவின் குரலை அடக்கி வைக்க முடியும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தோல் சுத்தமாக இருக்கும்படி. ஒன்பது வருடமாக நீங்கள் 'நிரந்தரம்' தேடியதில்தான் ஊசி வந்தது, ட்யூப் வந்தது, பத்தியம் வந்தது. தேடாமல் இருந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம், கடுமையாகத் தெரிந்தால் மன்னியுங்கள்.

ட்யூப் விஷயம். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருக்கும், எதற்கும் ஒன்று பலிக்கட்டும் என்கிற கணக்கில். சோரியாசிஸுக்குப் பின்னிரண்டும் தேவையே இல்லை. ஸ்டீராய்டு களிம்பு தேவைதான், ஆனால் எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். முழங்கைக்குக் கொடுக்கும் வீரியமான களிம்பை முகத்திலோ அக்குளிலோ மார்பின் கீழோ போட்டால் தோல் காகிதம் போல் மெலிந்து வரி வரியாகிவிடும். அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் அது அரை கிராம், உங்கள் கை அளவில் இரண்டு கை பரப்புக்குப் போதும். நம் ஆட்களில் பாதிப் பேர் சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி துளியூண்டு தொட்டு வைத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பார்கள், மீதிப் பேர் தோசைக்கு வெண்ணெய் மாதிரி பூசுவார்கள். வீரியமானதைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அப்புறம் கால்சிபோட்ரியால் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பு இருக்கிறது, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஸ்டீராய்டைக் குறைப்பது உண்டு.

தலைக்கு: சீப்பால் சுரண்டாதீர்கள். செதிலை உரித்தால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் வரும், பார்த்திருப்பீர்கள். காயம் பட்ட இடத்தில் புதிதாக சோரியாசிஸ் முளைப்பது இந்த நோயின் குணம். எலுமிச்சை, உப்பு, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிற வைத்தியமெல்லாம் இதனால்தான் வினையாகிறது. இரவில் தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடுபண்ணி செதில் மேல் ஊறவைத்து, காலையில் தார் கலந்த ஷாம்பூவைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். தார் வாடை வரும், ரோடு போடுகிற வாடை, அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இடுப்பில் இருக்கிறது என்றீர்களே, பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி இருக்கிறதா பாருங்கள். புடவை கட்டும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டால், களிம்பு பாதி வேலை செய்யும் இடத்தில் அது மீதி வேலையைச் செய்யும். குளித்துவிட்டு ஈரம் முழுக்கக் காய்வதற்குள், துண்டால் ஒற்றிய கையோடு, வெள்ளை வாசலின் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ பூசிவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் இரண்டு வேளை. விலை உயர்ந்த கிரீம் எதுவும் வேண்டாம்.

மூட்டில் இறங்கியிருப்பது உறுதியானால் களிம்போடு நிற்காது, உள்ளுக்கு மருந்து வேண்டும். அனேகமாக மெதோட்ரெக்சேட் பற்றிப் பேசுவார்கள், தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்துக் கேட்கும், விலையும் குறைவு. இணையத்தில் தேடினால் 'புற்றுநோய் மருந்து' என்று வரும், பார்த்துப் பதறாதீர்கள், நமக்குக் கொடுப்பது அதில் சிறிய அளவு. (சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவ் என்ற பீமவரத்துக்காரர் வழிநடத்திய ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து அது. நம்மூர்க் கல்லூரிப் பையன் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை.) ஆனால் ஒரு விஷயத்தைச் சுவரில் எழுதி வைக்கிற அளவுக்கு மனதில் வையுங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் இல்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒருவர் எட்டு நாள் தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணோடு, கஞ்சிகூட இறங்காமல் வந்து சேர்ந்தார். ரத்த அணுக்கள் விழுந்து, பிழைத்தது பெரிய காரியம். அட்டையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை கொடுப்பார்கள். ஆரம்பிக்கும் முன்னும் அப்புறமும் ஈரல், சிறுநீரகம், ரத்த அணு பரிசோதனைகளைத் தவற விடக் கூடாது. மாதவிலக்கு வந்துகொண்டிருந்தால் கர்ப்பத் தடை கட்டாயம். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள், கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ஆபத்து. இதற்கும் அடங்காதவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியின் அந்தத் தவறான உத்தரவைக் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக்கல் ஊசிகள் இருக்கின்றன, நன்றாகக் கேட்கும், செலவு அதிகம், போடும் முன் காச நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். புறஊதா ஒளிச் சிகிச்சையும் உண்டு, தோலுக்கு மட்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய் நிற்க வேண்டும். டீச்சர் வேலைக்கு அது ஒத்துவருமா என்று தெரியவில்லை.

சித்த வைத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாளைக்கு யாராவது சொல்வார்கள். வெட்பாலை இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து ஊதா நிறமாக இறக்கும் தைலம் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செதில் ஊறி இளகும், அரிப்பும் தணியும். உள்ளுக்கு பஸ்பம், செந்தூரம் என்று எடுப்பதாக இருந்தால் முறையாகப் படித்தவரிடம் மட்டும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது, அதுவும் இரண்டு பக்க டாக்டரிடமும் சொல்லிவிட்டு. மெதோட்ரெக்சேட்டும் பெயர் தெரியாத பொடியும் ஒரே ஈரலில் சந்திப்பது எனக்குப் பிடிக்காது.

பத்தியம். 'கரப்பான் பண்டம்' என்று நம்மிடம் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது, கத்தரிக்காயில் தொடங்கி கருவாடு வரை. எல்லாவற்றையும் நிறுத்தினீர்கள், நோய் குறைந்ததா? நீங்களே பரிசோதனை செய்து நீங்களே விடையும் எழுதிவிட்டீர்கள். மீன் சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், எலும்புக்கும் வேண்டும். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் கிளம்புவதாக உறுதியாகத் தோன்றினால் அதை மட்டும் விடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது உண்மையிலேயே உதவும், மருந்தும் நன்றாகக் கேட்கும். தொண்டை வலி வந்தால் அலட்சியம் வேண்டாம், அதுவும் கிளப்பிவிடும்.

அடுத்த பத்தியை உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, வணக்கம். உங்கள் மருமகளுக்கு இருப்பது ஒட்டுவாரொட்டி இல்லை. கிருமியால் வந்தது இல்லை, குஷ்டமும் இல்லை, தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது, பேரப்பிள்ளையைத் தூக்கினால் ஒட்டாது. நான் 22 வருடமாக இந்தச் செதில்களைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானம் அதே கையைக் கழுவிச் சோறு பிசைந்து சாப்பிடுகிறேன், எனக்கு வரவில்லை. நீங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்துத்தான் தட்டைப் பிரித்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் மனசு நொந்து கிடந்தால் இந்த நோய் இன்னும் ஏறும், அதுவும் எங்கள் அனுபவத்தில் பார்த்ததுதான். அந்தத் தட்டை எல்லாத் தட்டோடும் சேர்த்து அடுக்கிவிடுங்கள்.

மகளைப் பற்றி: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100-க்கு 10, 15 என்ற அளவில்தான். வராமலே போக 85 பங்கு இருக்கிறது. தினமும் அவள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள், 14 வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய பாரம். உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு நேரடியாகச் சொல்லிவிடுங்கள், பாடம் நடத்தத் தெரிந்தவர் நீங்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டுகள், ட்யூபின் காலி அட்டை, பி.பி. மாத்திரை அட்டை, முடிந்தால் அந்த ஊசி மருந்தின் பெயர், இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தோல் மோசமாக இருந்த நாளில் போனில் எடுத்த படம் இருந்தால் நல்லது, போகிற அன்றைக்குப் பார்த்து அடங்கியிருக்கும். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். காலையில் எழுந்ததும் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து மாவைக் கிள்ளிப் பாருங்கள், வரவில்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி கிள்ளிப் பாருங்கள், எழுந்ததிலிருந்து எத்தனை நிமிடம் கழித்து விரல் ஒழுங்காகப் பிடித்தது என்பதை அன்றைய தேதித்தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதுங்கள். எந்த விரல், எந்த மூட்டு என்பதையும். அந்தத் தாள்களை முதலில் நீட்டுங்கள், தோலை அப்புறம் காட்டலாம்.